மக்லுவார் வீட்டுப் பிள்ளைகள்

அக்கா எர்மீனின் கல்யாணத்துக்கான முதல் அறிவிப்பு ஓலையைப் பங்குச் சாமியார் பூசையில் வாசித்த அன்று, பனியைக்கூடப் பொருட்படுத்தாமல் ஊரே கோயில் வாசலில் நின்று மாப்பிள்ளையைக் கேலி செய்தது. லுட்ஜே லஃபோரே வடக்கே ஏரிப் பக்கத்திலிருந்து எங்கள் ஊர் மர ஆலைக்கு வேலைக்கு வந்தவன்.

"எங்க ஊருப் பொண்ணக் கூட்டிட்டுப் போயி ஏரிக் கொசுவுக்கு விருந்து வைக்கப்போறியாப்பா?" என்றார் வண்டிக்கார ஒனெசிம். "ஆமா, நீ யாரு பிள்ளைன்னு சொல்லவே இல்லையே?"

எங்கள் ஆற்றங்கரையில் குடும்பப் பெயர் மட்டும் போதாது. பாதி ஊருக்கு ஒரே பெயர். அப்பன், பாட்டன் என்று அடுக்கினால்தான் ஆள் பிடிபடும். லுட்ஜேக்கு வேறு பெயர், வேறு சீமை என்பதால் அப்பா அதைக் கேட்காமலே சம்மதித்திருந்தார்.

லுட்ஜே நெஞ்சை நிமிர்த்தினான். "ஃபிலெமோன் மகன் லுட்ஜே. ஃபிலெமோன் ஜோசஃபா மகன். ஜோசஃபா மக்லுவார் மகன்."

"எந்த மக்லுவார்?" என்றார் அப்பா.

"ஒத்தக்கண் மக்லுவார். இந்த ஆத்தங்கரைக்காரருதான்னு சொல்வாங்க."

அப்பாவுடைய பாட்டனும் அதே மக்லுவார்தான். அந்த வீட்டுக்கு திபோதோ, லஃபோரே என்று இரண்டு குடும்பப் பெயர். அண்ணன் ஒன்றையும் தம்பி மற்றொன்றையும் வைத்துக்கொள்வது இங்கே வழக்கம்தான். நிலத்தகராறில் ஊரைவிட்டுப் போன தம்பி ஜோசஃபா, திபோதோ என்ற பெயரை அண்ணனான எங்கள் தாத்தாவிடமே விட்டுவிட்டு லஃபோரேயாகப் போயிருக்கிறார்.

"அட, பங்காளிக்கே பொண்ணு குடுக்கிறியே சிப்ரியான்!" என்று ஒனெசிம் சிரித்தார். அப்பா வண்டியில் ஏறினார்.

மதியம் சாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். லுட்ஜேயும் கூடவே வந்து கதவோரம் நின்றான்.

"கியூபெக் ஆயருக்கு எழுதினா சொந்தத்துக்குள்ள கட்டிக்க அனுமதி குடுத்துடுவாரு. உங்க கல்யாணத்துக்கும் வாங்கித்தானே பண்ணோம்? இதே உறவுதானே?" என்றார் சாமியார்.

பட்டாணி சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்த அம்மா திரும்பவில்லை. "வாங்கினோம். அப்புறம் மூணு மரி-ஆன்ஜைப் புதைச்சோம்."

அக்காவுக்குப் பிறகு பிறந்த குழந்தைகள் அவை. இறந்ததன் பெயரையே அடுத்ததற்கும் வைத்தார்கள். அதே பெயரில் நான்காவதாக வந்து பிழைத்தவள் நான்.

"அது கடவுள் சித்தம்மா."

"இருக்கட்டும் சாமி. நான் தடுக்கல. கட்டிக்கப்போறவ சொல்லட்டும்."

அக்கா சாமியாரையும் பார்க்கவில்லை, லுட்ஜேயையும் பார்க்கவில்லை. "அம்மா, அதுங்க எப்படி இருந்துச்சுங்க?"

அம்மா கரண்டியை வைத்தாள். "ஒண்ணுக்குத் தலை நெறைய முடி. ஒண்ணு அழவே இல்ல. எது முன்னாடி, எது பின்னாடின்னு... ஒரே பேரா வச்சுட்டோம் பாரு. ஒண்ண நெனச்சா மூணும் சேந்து வருது."

"நம்மளுக்கு அப்படி ஆகாது எர்மீன்," என்றான் லுட்ஜே.

"ஆயிட்டா?"

அவன் கண் என்மேல் வந்து நின்றது. பிறகு தரைக்குப் போனது.

"எழுத வேணாம் சாமி," என்றாள் அக்கா.

சாமியார் போன பிறகும் லுட்ஜே தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருடா. எங்க சித்தப்பன் பேரன் நீ. சாப்பிடாம போகக்கூடாது."

அவன் உட்கார்ந்தான். அக்கா அவனுக்கு சூப் ஊற்றி, ரொட்டியை நறுக்கி வைத்தாள். ஜோசஃபா கடைசிக் காலத்தில் எப்படி இருந்தார் என்று அப்பா கேட்டார். சொந்தக்காரனிடம் பேசுவது போல லுட்ஜே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.