செபநாயகத்தின் வலது கை

இடது கைக்கு வெள்ளைக் கையுறை சிரமமில்லாமல் ஏறிவிட்டது. வலது கைதான் லெனாட்டின் உயிரை எடுத்தது. அப்பா செபநாயகத்துக்கு அந்தக் கையில் இரண்டு விரல்கள் இல்லை. கையுறையில் அந்த இடம் மட்டும் சுருங்கித் தொங்கியது.

எஞ்சின் பட்டி கொண்டுபோன விரல்கள் என்றுதான் குருநகரில் பேச்சு. மீனுக்கு எறிந்த வெடி கொண்டுபோனது என்பது வீட்டுக்குள் மூன்று பேருக்குத்தான் தெரியும். மறுநாள் பொலிஸ்காரர் வள்ளத்தில் மிச்ச வெடியைக் கண்டு, "ஆற்றை வெடி இது?" என்று கேட்டார்கள். "என்ரை" என்றான் லெனாட். தங்கை றஜனிக்குக் கலியாணம் முற்றாகியிருந்த நேரம். அப்பா மறியலுக்குப் போய்ச் சிறையில் கிடந்தால் எல்லாம் குழம்பிவிடும். அடப் பாவமே, இருபது வயதில் அது பெரிய வீரமாகத் தெரிந்தது!

மறியல் முடிந்தது, குற்றப் பதிவு விடவில்லை. கனடாவிலிருக்கும் மனைவி லவீனாவிடம் போக விசா இல்லை. பெற்ற பிள்ளையைப் போனில்தான் கொஞ்சுகிறான். ஜனாதிபதியிடம் மன்னிப்புக் கேட்டு மனுப் போடலாம், ஆனால் வெடிக்குச் சொந்தக்காரன் யாரென்று தெரிந்தவர்கள் சத்தியக்கடதாசி தந்தால்தான் எடுபடும் என்று லோயர் சொல்லிவிட்டார். அப்பா பெருநாள் முடியட்டும், மழை விடட்டும் என்று இழுத்தடித்து, ஒருவழியாக, "திங்கள் போவம் தம்பி" என்றார். ஞாயிறு பூசைக்குச் சட்டை போடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர்தான், பிறகு எழும்பவில்லை.

வெளியே பந்தலுக்குள் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் செல்வரட்ணம் வந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வெடி போடுறவனைக் கண்டா அண்ணை விடமாட்டார். பெத்த பிள்ளையெண்டும் பாக்காமல் மறியலுக்கு விட்டவரெல்லே!"

லெனாட்டுக்குப் பற்றி எரிந்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான்.

"அம்மா, அண்டைக்கு இந்தக் கைக்கு நீங்கள்தானே துணி சுத்தினனீங்கள். லோயரிட்டை வந்து ஒரு வார்த்தை சொல்லுவியளே?"

சின்னத்தங்கம் கணவனின் தலைமயிரைக் கோதிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா!"

"கேக்குது ராசா."

"சொல்லுவியளோ, மாட்டியளோ?"

"கொப்பர் இன்னும் குழிக்குள்ளை போகேல்லை."

"போனாப் பிறகு?"

அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். யாரோ கதவைத் தட்டி, சனம் முகம் பார்க்க நிற்குது என்றார்கள். இந்த வீட்டிலிருந்து தனக்கு விடுதலையில்லை என்று அவனுக்கு அப்போது விளங்கிவிட்டது. கத்தவேண்டும் போலிருந்தது, ஆனால் சவம் கிடக்கிற வீட்டில் எப்படிக் கத்துவது?

சின்னத்தங்கம் மூக்குக்கு வைத்து மிஞ்சிய பஞ்சிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து அவனிடம் நீட்டினாள்.

"உந்த ரெண்டு விரலுக்கையும் வை. சனம் பாக்கும்."

லெனாட் பஞ்சை வாங்கினான். உருட்டி, ஈர்க்குக் குச்சியால் கையுறை விரல்களின் நுனிவரை தள்ளினான். பிறகு இரண்டு கைகளையும் நெஞ்சின்மேல் கோத்து, செபமாலையைச் சுற்றினான். ஐந்து விரலும் முழுசாக இருந்தன.

எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டான்.