தங்க உறைக்கு அடியில்

தஜிகிஸ்தானின் குலாப் நகரில் நான் பல் டாக்டர். மாஸ்கோவில் வேலை பார்க்கும் நஸ்ரிதீன், விடுமுறைக்கு வந்த கையோடு மனைவி சவ்ரிமோவைக் கூட்டி வந்தான்.

"தங்கப் பல்லெல்லாம் பட்டிக்காட்டுத்தனம் டாக்டரம்மா. கழட்டிடுங்க, வெள்ளையா வச்சுக்கலாம்."

"கல்யாணத்துக்கு நல்ல பல்லை ராவித் தங்கம் கட்டச் சொன்னது உங்கம்மாதானே?" என்று சிரித்தாள் சவ்ரிமோ.

நான்கு உறைகளையும் கழற்றினேன். அடியில் கறுத்த குச்சிகள்தான் மிச்சம். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்படியே விட்டா ரொட்டியைக்கூடக் கடிக்க முடியாது. வெள்ளை உறைக்கு இப்பவே அளவெடுக்கட்டுமா?" என்றேன்.

நஸ்ரிதீன் தங்கத்தைக் கழுவிச் சட்டைப்பையில் போட்டான்.

"வீட்ல கிடக்கிறவளுக்கு எதுக்கு? மாஸ்கோவுல ஒருத்திக்கு மோதிரம் பண்ண இது போதும்."