மயிலாள் ஊர் சுற்றிய வருஷம்

ஃப்ரீசர் பெட்டியை மயிலாள் வீட்டு நிலைவாசலில் சாய்த்து, நிமிர்த்தி, மறுபடி சாய்த்து ஒருவழியாகக் கூடத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். கொண்டுவந்த இசக்கிமுத்து பிளக்கைச் சொருகியதும் அது உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

"முன்னாடியே போட்டு வச்சிருதேன் அண்ணாச்சி. அவுக வாரதுக்குள்ள நல்லா கூலிங் ஏறிரும்."

சுப்பண்ணன் தலையாட்டினான். அவன் கையில் தாம்பாளம், தாம்பாளத்தில் கோடிச் சேலை. கட்டிக் கொடுத்த பெண் செத்துப்போனால் பிறந்த வீட்டுக் கோடி வந்துதான் ஆக வேண்டும். குளிப்பாட்டிய உடம்பின் மேல் கூடப்பிறந்தவன் அதைப் போர்த்த வேண்டும். மயிலாளுக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். நேற்று மனைவி செல்லாத்தாளோடு கடைக்குப் போய், விற்கிறவன் சலித்துப்போகும்வரை புரட்டிப் பார்த்து, கிளிப்பச்சையில் அரக்குக் கரை வைத்தது ஒன்றை எடுத்தான். அக்காவுக்குப் பச்சை பிடிக்கும். அதற்குமேல் அவளுக்குச் செய்ய இனி எதுவும் இல்லை என்று கடையில் நின்றுகொண்டே அழுதான்.

வாசல் பந்தலில் சொந்தபந்தம் உட்கார்ந்து காப்பி குடித்தது. காப்பி டம்ளரோடு சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வருகிற தெளிவே தனி.

"அறுவது வயசுக்கு மேல ஊரு ஊரா எதுக்குங்க சுத்தோணும்? ஊட்டோட இருந்திருந்தா ஆகுங்களா இப்புடி?"

"புள்ள குட்டி இருந்திருந்தா ஒரு பிடிப்பு இருந்திருக்கும். என்னத்தச் சொல்றது?"

சொல்வதற்கு ஒன்றுமில்லை என்றால் சும்மா இருக்கலாம். யாரும் சும்மா இருக்கவில்லை.

மயிலாளின் கணவர், மாமா முருகவேல், நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் முப்பது வருஷம் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓட்டியவர். போன வருஷம் மெஷின்களை வாடகைக்கு விட்டுவிட்டு, மயிலாளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். "மூணு நாளு ஓட்டமா ஓடிப் பாத்துட்டு வர்றதுக்குப் பேரு டூருங்க மாப்ள. போன ஊர்ல குடியிருந்து பாக்கோணும்" என்றார். பினாங்கில் மழைக்காலம் முழுக்க இருந்தார்கள். பிறகு வியட்நாமில் ந்யாசாங். அங்கிருந்து தாய்லாந்தில் ஹுவா ஹின் என்கிற கடற்கரை ஊர்.

தினமும் காலையில் அக்கா வீடியோவில் வருவாள். பினாங்கில் கறிவேப்பிலை கிடைத்துவிட்டது என்று கொத்தோடு ஆட்டிக் காட்டினாள். ந்யாசாங்கில் விடிவதற்கு முன்னால் கிழவன் கிழவியெல்லாம் கடற்கரையில் வரிசையாக நின்று உடற்பயிற்சி செய்வார்களாம். பின்வரிசையில் சேர்ந்துகொண்டு கையைக் காலை ஆட்டினாள். ஹுவா ஹின் ராத்திரிச் சந்தையில் பனியனைப் புரட்டித் தையலைப் பார்த்து, "நம்மூரு துணி இல்ல சாமி, ரெண்டு தண்ணிக்குத் தாங்காது" என்று கடைக்காரியிடமே தமிழில் சொன்னாள். வாழ்க்கையில் முதல்முறையாகச் சுடிதார் போட்டுக்கொண்டு நின்று, "நல்லா இருக்குதாடா?" என்று கேட்டாள். அந்தச் சிரிப்பைச் சுப்பண்ணன் அதற்கு முன்னால் அவள் முகத்தில் பார்த்ததில்லை. ஒரே இடத்தில் இருபது நாள் இருந்தால் காய்காரி பழக்கமாகிவிடுகிறாள், நாய் பின்னால் வருகிறது, அப்புறம் அது நம் ஊர்தான் என்றாள். சித்திரை ஒன்றுக்கு முதல்நாள் பேசினாள். "அவங்களுக்கும் நாளைக்குத்தான் வருசப் பொறப்பாம். தண்ணி ஊத்தி வெளையாடுவாங்களாமா. உன்ற மாமன நனைக்கறன் பாரு!"

மறுநாள் மாமாதான் கூப்பிட்டார். தூக்கத்திலேயே போய்விட்டாள். அதற்குப் பிறகு யார் போனையும் அவர் எடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, இன்ன விமானத்தில் வருகிறோம் என்று ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. சுப்பண்ணன் கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு ஆம்புலன்ஸ் அனுப்பினான். பந்தல் போட்டான். அக்காவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும் என்று அந்த ஒரு வாரத்தையும் தள்ளினான்.

ஆம்புலன்ஸ் வந்து நின்றது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு எழுந்தார்கள். சுப்பண்ணன் தாம்பாளத்தைச் செல்லாத்தாளிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தான். உள்ளே காலி ஸ்ட்ரெச்சர்தான் இருந்தது.

முன்சீட்டிலிருந்து முருகவேல் இறங்கினார். மார்போடு அணைத்தபடி, வெள்ளைத் துணி சுற்றிய ஒரு கலசம்.

ஒப்பாரி அப்படியே நின்றுபோனது. எதைப் பார்த்து அழுவது என்று பெண்களுக்குத் தெரியவில்லை.

"மாமா, எங்கக்கா எங்கீங்க?"

முருகவேல் கலசத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்.

நம் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் கோபம் தலைக்கேறினாலும் வாயிலிருந்து 'ங்க' போகாது. சுப்பண்ணன் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினான். "என்ற கண்ணுல காட்டாம எங்கக்காள எரிக்கறதுக்கு நீங்க யாருங்க? ஒரு வார்த்த கேட்டீங்களா? நாங்க என்னங்க அனாதைங்களா? கோடி வாங்கி வெச்சுட்டு நிக்கறனே, இத நான் எங்கீங்க கொண்டுபோயிப் போத்தறது?"

முருகவேல் சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை. அவருடைய பங்காளி ஒருவர்தான் குறுக்கே வந்து, "உள்ள போயிப் பேசிக்கலாமப்பா" என்று இருவரையும் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

கூடத்தில் ஃப்ரீசர் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் பனி பூத்திருந்தது. முருகவேல் அதைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். கலசத்தை இன்னும் இறுக்கிக்கொண்டு ஓர் அடி பின்வாங்கினார்.

"அத நிறுத்தச் சொல்லுங்க மாப்ள."

இசக்கிமுத்து பிளக்கைப் பிடுங்கினான். வீடு சட்டென்று அமைதியாகிவிட்டது.

"ஆஸ்பத்திரில இந்த மாதிரிதான் ஒண்ணுல வெச்சாங்க" என்றார் முருகவேல். "இழுப்பறையில துணி வெக்கறாப்புல வெச்சு மூடுனாங்க. ஊருக்குக் கொண்டுபோறதுன்னா எம்பசி பேப்பரு ஆகோணும், அவங்களுக்கு வருசப் பொறப்பு லீவு, ஒம்போது நாளாவது அதுக்குள்ளயே இருக்கோணும்னாங்க. செரின்னு கையெழுத்துப் போட்டுட்டு, ஒருக்கா பாத்துக்கறன்னு கேட்டன். இழுத்துக் காட்டுனாங்க. கையப் புடிச்சுப் பாத்தன் மாப்ள."

அவர் கலசத்தைச் சுற்றிய துணியை இழுத்துச் சரிசெய்தார்.

"வெளிய வந்தா ரோடு முச்சூடும் தண்ணி. சின்னது பெருசு அத்தனையும் நனஞ்சுட்டுக் கெடக்குது. ஒரு பொட்டப்புள்ள சிரிச்சுட்டே எங்கிட்ட வந்துச்சு. என்னயக் கும்புட்டுச்சு. கும்புட்டுட்டு ஒரு சொம்புத் தண்ணிய எந்தோள்ல ஊத்துச்சு. அவங்க ஊர்ல அது பெரியவங்களுக்குச் செய்யற மரியாதையாமா. அதுக்கு என்ன தெரியும் பாவம். நான் சொட்டச் சொட்ட நின்னன். எனக்கே குளுரு அப்படி நடுக்குச்சு, அந்த வெயில்ல. அவ உள்ள இருக்கறா. ஒம்போது நாளு."

"மாமா..."

"உங்கக்காளுக்குக் குளுரு ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியுமல்ல மாப்ள? ராத்திரி நான் ஏசி போடுவன், அவ எந்திரிச்சு அமத்துவா. நாங்க சண்ட போட்டதெல்லாம் அதுக்கு மட்டுந்தான். கடேசி ராத்திரியும் நாந்தான் போட்டன். அவ போத்திட்டுப் படுத்துட்டா." அவருடைய வாய் கோணிக்கொண்டது. "திரும்ப உள்ள போயி, வேண்டாம், எடுத்துக் குடுத்துருங்கன்னுட்டன். நாங்க வாடகைக்கு இருந்த ஊட்டுக்கார அம்மா, அங்கெல்லாம் கோயல்லதான் எரிப்பாங்களாமா, அங்க சொல்லி ஏற்பாடு பண்ணுனாங்க. உங்ககிட்டச் சொன்னா வெச்சிருங்கம்பீங்க. என்னால முடியல."

சுப்பண்ணனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அவன் மகன் கல்யாணத்தில் ஏசி மண்டபத்தில் உட்காரமாட்டாமல், மாப்பிள்ளைக்கு அத்தையாக முன்னால் நிற்க வேண்டியவள், சமையற்கட்டில் அடுப்புப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். மார்கழியில் அவள் தலைக்குக் குளிப்பதற்கு வீடே சேர்ந்து சமாதானம் சொல்ல வேண்டும். சின்ன வயதில் இருவருக்கும் ஒரே போர்வை. விடிந்து பார்த்தால் முக்கால்வாசி அவளிடம்தான் இருக்கும்.

கோபம் போகவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் போன கோபம் அவன் உயிரோடு இருக்கும்வரை போகாது. ஆனால் அந்த மனிதரின் சட்டையை மறுபடி பிடிக்க அவனுக்குக் கை எழவில்லை. அவரும் தானும் ஒரே ஆளைத்தான் இழந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

செல்லாத்தாளிடமிருந்து கோடியை வாங்கினான். பங்காளி தயங்கினார். "உடம்பில்லாமக் கோடி போடறது மொறையில்லீங்களே..."

"எங்கக்காளுக்கு நான் போடறனுங்க" என்றான் சுப்பண்ணன்.

மாமாவின் கையிலிருந்து கலசத்தை வாங்கினான். கோயம்புத்தூரிலிருந்து ஆம்புலன்ஸ் ஏசியிலேயே வந்ததில் அது உள்ளங்கையில் ஜில்லென்று பட்டது. கிளிப்பச்சைச் சேலையைப் பிரித்து, ஒரு சுற்று, இரண்டு சுற்று, சேலை தீரும்வரை சுற்றினான். பிறகு அதை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான்.

வாசலில் வழி விட்டார்கள். பந்தலைத் தாண்டிப் போய், சித்திரை வெயில் கொதிக்கிற சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, கலசத்தை மடியில் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் முருகவேலும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, நெழலுக்கு வாங்க. வெயிலு இந்தக் காச்சுக் காச்சுதே" என்று பந்தலிலிருந்து செல்லாத்தாள் கூப்பிட்டாள்.

"இருக்கட்டும்" என்றான் சுப்பண்ணன். தன் தலையின் நிழல் கலசத்தின் மேல் விழுவதைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.