ஓப்பன் பண்ணிட்டுக் கழட்டு

நவமணியின் வலது கை இன்னும் கட்டுக்குள்தான் இருந்தது. இடது கையால் நாற்காலியை இழுத்துப் போட்டு, "மழையில நனைஞ்சிட்டீங்களே அண்ணே, உக்காருங்க" என்றாள். ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில், பழைய ஈயச் சுரங்கக் குட்டையை ஒட்டிய பலகை வீடு. அவளுடைய அம்மா முத்தம்மா எனக்கு மைலோ கலக்க உள்ளே போனார். என் பையில் விபத்து ரிப்போர்ட்டும் மைப்பெட்டியும் இருந்தன. 'உனக்குத்தான் தமிழ் தெரியும், அவளால் கையெழுத்துப் போட முடியாது, நீயே போய் ரேகை வாங்கி வா' என்று மேனேஜர் அனுப்பியிருந்தார். நானும் வெட்கங்கெட்டு வந்து உட்கார்ந்திருந்தேன்.

ஜெலாப்பாங்கில் ஒரு ஃபேக்டரியில் நான் டெக்னீஷியன். 1988-இல் எங்களுக்குப் புது ஆர்டர் வந்தது: வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற டியூப்லைட் சோக். உள்ளே ஒரு மைக்ரோகண்ட்ரோலர் சிப் இருக்கும். எவ்வளவு எரிய வேண்டும் என்று சோக்குக்குச் சொல்வது அதன் வேலை. அந்தச் சனியன் சில நாள் சொல்லாது. சுவிட்ச் போட்டிருக்கும், சோக் சூடேறும், டியூப் மட்டும் இருட்டாகவே கிடக்கும். மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். சிப்பை மாற்றினேன், வயரை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. நவமணிதான் ஏணியில் ஏறி டியூப்களைக் கழற்றி மாட்டி, எந்தச் சோக் எப்போது படுத்தது என்று எழுதி வைப்பாள். ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய குடும்பம், தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு. சொன்னதைச் சொன்னபடி செய்ய அவளை விட்டால் அங்கே ஆள் கிடையாது.

அன்றைக்கு நான் சாமான் வாங்க ஈப்போ டவுனுக்குப் போக வேண்டியிருந்தது. அவசரத்தில் ஒரு துண்டுச் சீட்டு எழுதி அவள் மேசையில் வைத்தேன்: 'நாலாம் நம்பர். ஓப்பன் பண்ணிட்டு டியூப்பைக் கழட்டு.' திரும்பி வந்தபோது ஏணி சாய்ந்து கிடந்தது. கரண்ட் அவள் கையைச் சுட்டுக் கீழே தள்ளியிருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். நாலாம் நம்பர் சுவிட்ச் போட்டபடியே இருந்தது.

'அணைக்காமல் ஏறியிருக்கிறாள்' என்று மேனேஜரிடம் சொன்னது நான்தான். அப்போது நம்பித்தான் சொன்னேன்.

மறுவாரம் கோளாறு பிடிபட்டது. சிப்பின் ரீசெட் காலில் இருந்த கெப்பாசிட்டர் சின்னது. கரண்ட் நிலைப்பதற்குள் சிப் விழித்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிடும். பெரிதாக ஒன்றைப் பற்றவைத்தேன். நூறு தடவை போட்டு அணைத்தேன், நூறு தடவையும் டியூப் எரிந்தது. கடைசியாக அணைத்துவிட்டுச் சந்தோஷத்தில் விசிலடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கூட்ட வந்த ராமையா அண்ணன் வாசலில் நின்று கேட்டார்.

"இருட்டா இருக்கே தம்பி, லைட்ட ஓப்பன் பண்ணட்டுமா லா?"

நவமணிக்கு எழுதிய சீட்டு நினைவுக்கு வந்தது. மலாய்க்காரர்கள் லைட்டைத் 'திற', 'மூடு' என்பார்கள். நாங்களும் அப்படித்தான். தொற என்றால் போடு, அடை என்றால் அணை. எஸ்டேட்டில் நானும் அப்படிச் சொல்லித்தான் வளர்ந்தேன். பிறகு மூன்று வருஷம் பாலிடெக்னிக்கில் சர்க்கியூட் படித்தேன். ஓப்பன் என்றால் கரண்ட் ஓடாது என்று மண்டையில் ஏறிவிட்டது. பெரிய படிப்பு. நான் அணைக்கச் சொன்னேன். போடச் சொல்கிறேன் என்று அவள் படித்தாள், போட்டாள். டியூப் எரியவில்லை. எரியாத டியூப்பில் என்ன கரண்ட் இருக்கப்போகிறது என்று ஏறிவிட்டாள். வீட்டில் எல்லோரும் செய்வதுதான்.

என் சீட்டுகளையெல்லாம் அவள் மேசையோர ஆணியில் குத்தி வைப்பாள். கடைசிச் சீட்டை உருவிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. பயம்தான், வேறென்ன. வேலை போய்விடும்.

இப்போது ரிப்போர்ட்டை எடுத்துத் தமிழில் வாசித்துக் காட்டினேன். தொழிலாளி சுவிட்சை அணைக்காமல் ஏறியதே விபத்துக்குக் காரணம். இதில் ரேகை வைத்தால் ஃபேக்டரி அவளைத் திரும்ப எடுக்காது. அவளுக்கும் அது தெரியும்.

"தொறக்கச் சொல்லித்தான் எழுதியிருந்திச்சிண்ணே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. தொறந்தேன்." கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டாள். "நீங்க அப்படியா எழுதுவீங்க? நாந்தான் தப்பாப் படிச்சிருப்பேன்."

மைலோவோடு வந்த முத்தம்மா, "கார்த்திகேசு தம்பி நமக்குக் கெட்டதா செய்வாரு? வச்சிக் குடு பாப்பா" என்றார்.

மைலோவை வாங்கிக் கீழே வைத்தேன். நவமணி இடது கட்டைவிரலை மையில் ஒற்றினாள். மழை வலுத்து அறை இருண்டுபோயிருந்தது. விரல் காகிதத்துக்கு மேலே வந்து நின்றது.

"எங்க வைக்கணும்னே தெரியல. அந்த லைட்டக் கொஞ்சம் தொறங்கண்ணே."

எழுந்து சுவரோரம் போனேன். ஒரு கை சுவிட்சின் மேல் இருந்தது. இன்னொரு கை சட்டைப்பைக்குள் அந்தச் சீட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. நவமணி நீல மை படிந்த விரலைத் தூக்கிப் பிடித்தபடி, இருட்டில் என் பக்கமே பார்த்துக் காத்திருந்தாள்.