வேல்சாமி பிடித்து வந்த கைதட்டல்

வற்றல் மண்டி வேல்சாமிக்குக் காம்பைக் கிள்ளும்போதே மிளகாயின் காரம் தெரியும். ராகம் எந்தத் திசையிலிருந்து வரும் என்று கேட்டால் தெரியாது. அப்படிப்பட்டவர் தலையில்தான் அந்த வருஷம் ஆடித்தபசுக்கு, வியாபாரிகள் சங்கத்து மண்டகப்படியன்று சாயங்காலக் கச்சேரிக்கு நாயன கோஷ்டி பிடிக்கும் பொறுப்பு வந்து விழுந்தது.

விழுந்தது என்ன விழுந்தது, வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்டார். போன வருஷம் பாத்திரக்கடை ஆறுமுகச்சாமி பிடித்து வந்த கோஷ்டி வாசிக்க வாசிக்கப் பந்தல் காலியானது. கடைசியில் மிஞ்சியது ஆறுமுகச்சாமியும், பந்தலில் கட்டிய வாழையைத் தின்ன வந்த ரெண்டு ஆடும். "ஆடாவது நின்னு கேட்டுச்சே" என்று சங்கக் கூட்டத்தில் வேல்சாமி சொல்லப்போக, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆறுமுகச்சாமி மட்டும் சிரிக்கவில்லை.

"அப்போ இந்தத் தடவ நீரே பிடிச்சிட்டு வாரும் வே. எத்தன ஆடு நிக்குன்னு பாப்போம்."

வேல்சாமி நேரே சவுண்ட் சர்வீஸ் சண்முகையா கடைக்குப் போனார். கல்யாணமோ, கட்சிக் கூட்டமோ, ஊரில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது சண்முகையாவும் அவர் கடைப் பையன் மூக்காண்டியும்தான். கேசட் பதிந்து கொடுப்பதும் சண்முகையாதான். பள்ளிக்கூடத்துச் சிநேகம். இருபது வருஷமாக ஒரு டீயை வாங்கி ரெண்டு கிளாஸில் ஊற்றிக் குடிக்கிறவர்கள்.

"எனக்குச் சங்கீதம் தெரியாது வே. நல்ல விறுவிறுப்பா, உக்காந்தவன் எந்திரிச்சுப் போக முடியாதபடி வாசிக்கிற ஆளுக கேசட்டாக் குடும். கேட்டுப் பழகிட்டு ஆளப் பிடிக்கேன்."

"பட்டணத்துச் சபாவுல பதிஞ்சதும் இருக்கு, நம்ம பக்கத்து ஆளுக வாசிச்சதும் இருக்கு. எது நல்லதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீரு?"

வேல்சாமி சிரித்தார். "ஏலத்துக்குப் போனா நான் மூட்டையப் பாக்க மாட்டேன். மூட்டையச் சுத்தி நிக்கிற ஆளப் பாப்பேன். எங்கன நெருக்குதோ அங்கன சரக்கு இருக்கு. இதுவும் அப்படித்தான். கைதட்டு எதுல பெருசா விழுதோ, அவன்தான் வித்வான்."

எதைப் பார்த்து வாங்குகிறோம் என்பதை விற்கிறவனிடம் சொல்லக்கூடாது. இது பஜாரில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சண்முகையா விற்கிறவனா? சிநேகிதன் அல்லவா? சண்முகையா டேப்ரெக்கார்டரின் தலையைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வாரும். பதிஞ்சு வைக்கேன்."

மறுநாளிலிருந்து மண்டியில் வற்றல் நெடியோடு நாயனமும் சேர்ந்து வந்தது. ஆரம்பத்தில் வேல்சாமிக்கு எல்லாம் ஒன்றாகவே கேட்டது. போகப்போக, தவில் எங்கே முறுக்கிக்கொண்டு கிளம்புகிறது, நாயனம் எங்கே அதைத் துரத்திப் பிடிக்கிறது என்று பிடிபட ஆரம்பித்தது. ஒவ்வொரு கேசட்டிலும் வாசிப்பு முடிந்ததும் கைதட்டல் விழும். அதைக் கேட்கும்போது வேல்சாமிக்கு மயிர்க்கூச்செறியும். தானே வாசித்தது போல முதுகு நிமிரும்.

ஒரே ஒரு கேசட்டில் மட்டும் கைதட்டல் இல்லை. இளையரசனேந்தல் பக்கம் ஏதோ கல்யாண வீட்டில் பதிந்தது. பந்திப் பேச்சும் வாளிச் சத்தமும் நடுவில் கேட்டன. மெதுவாக ஆரம்பித்த நாயனம், பசுமாடு கன்றைத் தேடுவதுபோல அங்கும் இங்கும் அலைந்து, திடீரென்று பாய்ந்து ஓடியது. மிளகாய் அளைந்த கையோடு வேல்சாமி தன்னை மறந்து கண்ணைத் துடைத்துவிட்டார். எரிச்சலில் துள்ளிக் குதித்தவருக்குத் தண்ணீர் கொண்டு வந்த மனைவி கோமதியம்மாள், "இந்த ஆளையே பிடிங்களேன், என்னமா வாசிக்காரு" என்றாள்.

"ஒரு கைதட்டு இல்லையேட்டி. ஏலத்துல ஒருத்தனும் கேக்காத மூட்டை. இத எடுத்தா நாளைக்கு நான்தான் தலையில சொமக்கணும்."

தகரத்தில் மழை பெய்ததுபோலக் கைதட்டல் விழுந்தது கரிவலம்வந்தநல்லூர் பிச்சையா கோஷ்டிக்கு. வேல்சாமி வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டார். தேரடியில் நோட்டீஸும் ஒட்டியாயிற்று.

அதற்குப் பிறகுதான் நிதானமாகக் கேட்கத் தொடங்கினார். பட்டணத்துச் சபா கேசட். கைதட்டலுக்கு நடுவே யாரோ, "சுண்டல்... சூடா சுண்டல்" என்றான். சபாவில் சுண்டல் விற்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பிச்சையா கேசட்டைப் போட்டார். அங்கும் அதே சுண்டல், அதே குரல், அதே இழுப்பு. அடுத்த கேசட்டில் கைதட்டல் சற்று நீண்டது. சுண்டல்காரனுக்குப் பின்னால் சண்முகையாவின் குரல் துல்லியமாகக் கேட்டது: "ஏலே மூக்காண்டி, மைக்க நவுத்திப் பிடிலே, தலைவர் மூஞ்சிய மறைக்கு!"

வேல்சாமி பெட்டியை நிறுத்தினார். கேசட்டை உருவி எடுத்துக்கொண்டு சண்முகையா கடைக்கு நடந்தார்.

சண்முகையா ஒரு ஆம்ப்ளிஃபயரைக் கவிழ்த்துப்போட்டு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"பட்டணத்துச் சபாவுக்கு நம்ம ஊர் சுண்டக்காரன் போயிருக்கானே வே. மூக்காண்டி போயிருக்கான். நீரும் போயிருக்கீரு. எல்லாரும் போயிருக்கீய, என்னை மட்டும் கூப்பிடல."

சண்முகையா நிமிரவில்லை. "கட்சிக் கூட்டத்துல பதிஞ்ச கைதட்டு. பிச்சையாவுக்குச் சத்தத்தக் கூட்டி ஒட்டுனேன்."

"பிச்சையா யாரு?"

"என் வீட்டுக்காரிக்கு ஒண்ணுவிட்ட தம்பி. ரெண்டு வருஷமா ஒருத்தனும் கூப்பிடல."

"எங்கிட்டச் சொன்னா, ஒம்ம மச்சினன்னே கூப்பிட்டிருப்பேனே!"

"சொல்லியிருந்தா மச்சினன்னு கூப்பிட்டிருப்பீரு. சொல்லாததுனால வித்வான்னு கூப்பிட்டீரு." பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்தார். "நீரு வாசிப்பையா பாத்தீரு? கைதட்டத்தான பாத்தீரு? உம்ம மூட்டைய ஏலம் விடும்போது உம்ம ஆள் ரெண்டு பேர நிறுத்தி வெலைய ஏத்துவீரே, அதான் இது. உம்மகிட்டக் கத்துக்கிட்டதுதான்."

ஊரில் எத்தனையோ பேர் வேல்சாமியை ஏமாற்றப் பார்த்திருக்கிறார்கள். சிலர் ஏமாற்றியும் இருக்கிறார்கள். அப்போதெல்லாம் கோபம் வந்தது, வலிக்கவில்லை. சந்தேகத்தைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிவிட்டு அவர் நுழைந்த கடை இது ஒன்றுதான். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். கோஷ்டியை மாற்றவும் வழியில்லை. ஏன் மாற்றினாய் என்று சங்கத்தில் கேட்டால், கட்சிக் கூட்டத்துக் கைதட்டலைக் கேட்டு மயிர்க்கூச்செறிந்த கதையை ஆறுமுகச்சாமி முன்னால் சொல்ல வேண்டும்.

மண்டகப்படி நாள் வந்தது. பிச்சையா வாசித்தான். மோசம் என்று சொல்ல முடியாது, உப்பில்லாத கஞ்சி. கூட்டம் நெளிந்தது. பின்வரிசையில் சிலர் எழுந்து வேட்டியை உதறினார்கள். முன்வரிசையில் ஆறுமுகச்சாமி பந்தலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், ஆட்டைத் தேடுகிறவர்போல. வாசிப்பு முடிந்தது. ஒரு கைகூடத் தட்டவில்லை.

அப்போது குழாய் ஸ்பீக்கரிலிருந்து தகரத்தில் மழை பெய்தது.

"சுண்டல்... சூடா சுண்டல்" என்று வேல்சாமியின் உதடு தானாக முணுமுணுத்தது, அதே நொடியில் ஸ்பீக்கரும் சொன்னது. மற்றவர்கள் காதில் அது திருவிழாக் கூட்டத்துச் சுண்டலாகத்தான் விழுந்தது. எந்தப் பக்கம் தட்டுகிறார்கள் என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். தனக்கு மட்டும் ஞானம் இல்லை என்று ஆகிவிடக்கூடாதே என்று ஒருவர் தட்டினார், பத்துப் பேர் தட்டினார்கள், பந்தலே தட்டியது. வேட்டியை உதறியவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள்.

ஆறுமுகச்சாமியும் தட்டினார். "ஒத்துக்கிடுதேன் வே. நல்ல ஆளத்தான் பிடிச்சிருக்கீரு."

ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலிருந்து மூக்காண்டி ஒரு கிளாஸ் கொண்டு வந்தான். பாதி டீ. "சண்முகையா அண்ணாச்சி குடுத்துவிட்டாரு."

"கீழ வையி."

டீயின் மேல் ஆடை படிந்தது. பிச்சையா அடுத்ததை ஆரம்பித்தான். பந்தலில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. எழுந்து போய்விட வேண்டும் என்று இருந்தது வேல்சாமி ஒருவருக்குத்தான். கோஷ்டியைப் பிடித்து வந்தவர் எப்படி எழுந்து போவார்?