ரம்பத்தூள்

ஆயில் ஃபில்டரின் தகர டப்பாவால் நெற்றியில் அடித்தால் ரத்தம் எப்படிக் கொட்டும் என்பதை விமானப் பயிற்சிப் பள்ளியில், விமானம் நிறுத்தும் ஹேங்கரில் இருந்த எல்லோரும் அன்று காலையில் பார்த்தார்கள். அடித்தவர் தலைமை மெக்கானிக். அடி வாங்கியவன் அவர் மனைவியின் தம்பி. அவனும் அங்கே மெக்கானிக்தான். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் அடுத்த அடி யாருக்கு என்று தெரியாதா என்ன!

தலைமை மெக்கானிக்குக்குச் சம்மட்டி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். வேலையில் புலி, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் வாய் பேசுவதற்குள் கை நீண்டுவிடும். கையில் ஸ்பேனர் இருந்தால் ஸ்பேனரோடு நீளும்.

அன்றைய குற்றம் இதுதான். பயிற்சி விமானத்துக்கு ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரை அப்படியே தூக்கிப் போடக் கூடாது. டப்பாவை வெட்டி, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளை எடுத்து, வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க வேண்டும். இஞ்சின் உள்ளே தேயத் தொடங்கினால் அந்த மடிப்புகளில் உலோகத் துகள் மினுங்கும். வெட்டுவதற்கென்றே தூள் விழாத கட்டர் ஒன்று உண்டு. அதைத் தேடச் சோம்பல்பட்டு, மச்சினன் இரும்பறுக்கும் ரம்பத்தால் அறுத்துவிட்டான். தாளெல்லாம் ஒரே மினுமினுப்பு. பதறிப்போய், "மாமா, இஞ்சின் போச்சு!" என்று கத்த, விமானத்தை நிறுத்திப் பாதி இஞ்சினைப் பிரித்துப் போட்டார்கள். கடைசியில் பார்த்தால், அத்தனையும் ரம்பம் உதிர்த்த தூள்.

"அறிவிருக்காடா உனக்கு? ரம்பத்தூளைக் கொண்டாந்து இஞ்சின் போச்சுங்கிற!" அடுத்த அடி காதோரம் விழுந்தது. சுருண்டு விழுந்தவனுக்கு இடுப்பில் ஓர் உதை. "இனிமே இந்த மாதிரி ஏதாவது சொல்லிக்கிட்டு எங்கிட்ட வா, பல்லைக் கழட்டிக் கையில குடுத்துடறேன்!"

தப்பு மச்சினனுடையதுதான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக மனுஷனை இப்படியா அடிப்பது? தையல் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தவனுக்கு ரம்பத்தூள் என்றே பெயர் வைத்துவிட்டார் சம்மட்டி. "டேய் ரம்பத்தூள், அந்த ஜாக்கை இழு!" எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். வேறென்ன செய்வான், பாவம்!

இத்தனை முரட்டு மனிதருக்கு உயிரே மகள்தான். அவள் அதே பள்ளியில் விமானம் ஓட்டப் படித்தாள். தனியாகப் பறக்கவும் தொடங்கியிருந்தாள். அவள் மேலே போனால் இறங்கி வரும்வரை சம்மட்டி தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். "எம் பொண்ணு ஏறுற விமானத்துல ஒரு போல்ட் லூசா இருந்துது, தோலை உரிச்சிடுவேன்" என்று எல்லோரையும் மிரட்டி வைத்திருந்தார். அந்த மிரட்டல்தான் மகளைக் காப்பாற்றுகிறது என்று மனதார நம்பினார்.

மறுபடியும் அந்த விமானத்துக்கு ஆயில் மாற்றும் நாள் வந்தது.

"ஃபில்டரை வெட்டிப் பாத்தியாடா?"

"பாத்தேன் மாமா. சுத்தமா இருக்கு."

"பாத்தீங்களா? நாலு போட்டாத்தான் ஒழுங்கா வேலை நடக்குது" என்றார் சம்மட்டி, மற்றவர்களைப் பார்த்து. அவருக்கு ஒரே பெருமை.

அந்த வாரமே அது நடந்தது. மகள் ஓட்டிய அதே விமானம் மரங்களுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தபோது இரும்பு முறியும் சத்தம் ஹேங்கர்வரை கேட்டது. இஞ்சினுக்குள் தண்டு ஒன்று உடைந்து, இஞ்சினின் சுவரைக் குத்திக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. கறுப்பு ஆயில் முன்கண்ணாடியை மூடியது. அவள் எப்படியோ திருப்பிக் கொண்டுவந்தாள். விமானம் கம்பிவேலியை அறுத்து, ஓர் இறக்கை பிய்ந்து, மூக்கு மண்ணுக்குள் போய் நின்றது.

சம்மட்டி கடப்பாரையோடு ஓடினார். கதவை நெம்பிப் பிய்த்து எறிந்தார். உள்ளே மகளின் முகமே தெரியவில்லை. ஆயிலும் ரத்தமும்தான் இருந்தது. வலது காலில் எலும்பு தோலைக் கிழித்து வெளியே நின்றது. "அய்யோ, எங் கண்ணே!" என்று அவர் போட்ட அலறலில் தீயணைப்புக்காரர்களே ஒரு கணம் நின்றுவிட்டார்கள்.

உயிருக்கு ஆபத்தில்லை என்று மருத்துவர் சொன்னதுதான் தாமதம், ரத்தச் சட்டையோடு ஹேங்கருக்குத் திரும்பினார். மச்சினன் சுவரோரம் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அவன் கழுத்தைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் மோதினார்.

"சுத்தமா இருக்குன்னியேடா! எங்கடா அந்த ஃபில்டர்?"

அவன் கழிவு டிரம்மைக் கை காட்டினான். ஃபில்டர் முழுசாகக் கிடந்தது. வெட்டவே இல்லை! சம்மட்டி கட்டரால் நறுக்கித் தாளை விரித்தார். மடிப்புக்கு மடிப்பு வெள்ளித் துகள். காந்தத்தைக் கொண்டுபோனதும் ஊசி ஊசியாக அதில் ஒட்டிக்கொண்டது. ரம்பம் படாத ஃபில்டர். அத்தனையும் இஞ்சினின் இரும்பு.

"ஏண்டா வெட்டல?"

"வெட்டினாத் தெரியும். தெரிஞ்சாச் சொல்லணும். சொன்னா அடிப்பீங்க." அவன் உதட்டிலிருந்து ரத்தம் வழிந்தது. "அவ எனக்கும் பொண்ணு மாதிரிதானே மாமா... என்னைக் கொன்னு போட்டுடுங்க."

சம்மட்டி பக்கத்தில் கிடந்த கடப்பாரையை எடுத்து ஓங்கினார். நாலு பேர் பாய்ந்து பிடித்துத் தரையில் அழுத்தினார்கள். அவரை யாரும் தடுத்தது அதுதான் முதல் தடவை.

மகள் கண் விழித்ததும் முதலில் கேட்டது, "மாமாவை அடிச்சீங்களாப்பா?"

"அவன் ஃபில்டரை வெட்டவே இல்லம்மா" என்றார்.

"அவரை மட்டும் சொல்லாதீங்க. போன தடவை பறக்கும்போதே ஆயில் பிரஷர் முள்ளு கீழ எறங்குச்சு. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா மாமாவை அடிப்பீங்கன்னு பயம். கொஞ்ச நேரத்துல சரியாயிடுச்சு, அப்படியே விட்டுட்டேன்."

பெற்ற மகள்கூடத் தன்னிடம் உண்மையைச் சொல்லப் பயந்து, அந்தப் பயத்தோடேயே விமானம் ஏறியிருக்கிறாள். சம்மட்டி கட்டில் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

வெளியே வராந்தாவில் மச்சினன் நின்றிருந்தான். அவரைக் கண்டதும் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். அதைப் பார்க்கச் சம்மட்டிக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அந்தக் கைகளை மெல்ல விலக்கினார்.

"நீ வெட்டாதது தப்புதாண்டா. பொய் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. ஆனா உன்னைப் பொய் சொல்ல வச்சது என் கை" என்றார். "அடிச்சா வேலை ஒழுங்கா நடக்கும்னு இத்தனை நாள் நெனச்சிட்டிருந்தேன். தப்பைச் சொல்ல வர்றவனை அடிச்சா, தப்பு எங்கயும் போகாது. சொல்ற வாய்தான் மூடிக்கும்."