நடுச் சிரை

அன்று மருத்துவரின் அறையில் யார் முதலில் பேசினார்கள் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. மனைவி என்று நான் நினைக்கிறேன். தான்தான் என்கிறான் மைத்துனன்.

மைத்துனனின் ஈரல் கெட்டுப்போயிருந்தது. தன்னுடையதில் பெரிய பாதியைத் தர அவனுடைய அக்கா, அதாவது என் மனைவி, முன்வந்திருந்தாள். மருத்துவர் ஸ்கேனிலிருந்து அச்சிட்ட அவளுடைய ஈரலின் பிளாஸ்டிக் நகல் ஒன்றை மேசைமேல் வைத்தார். கண்ணாடிபோல இருந்த அதற்குள் சிரைகள் நீலமாகக் கிளைத்திருந்தன. முன்பக்கப் பிளவுதான் இரண்டு மடல்களின் எல்லையா என்று கேட்டேன்.

"அது மேலுக்குத் தெரியிறது. நிஜமான எல்லை உள்ள இருக்கு," என்று மருத்துவர் பித்தப்பைக் குழியிலிருந்து பின்னாலுள்ள பெருஞ்சிரைவரை விரலால் கோடிழுத்தார். அந்தக் கோட்டிலேயே ஒரு சிரை ஓடியது, நடுச் சிரை. இருபக்க ரத்தமும் அதில் வடிகிறது. வெட்டினால் அந்தச் சிரை ஒருவருக்குத்தான் கிடைக்கும். கிடைக்காதவரின் பாதி ரத்தம் வடியாமல் திணறலாம்.

"அவனுக்கே குடுத்துடுங்க, டாக்டர்."

"சின்ன வயசுல ஒரு பென்சில்கூடத் தரமாட்டியேக்கா!"

"பென்சில் வளராதுடா. ஈரல் வளருமாம்."

"சிரை வளருமா டாக்டர்?" என்று மைத்துனன் கேட்டான்.

"வளராது."



"அப்ப எனக்கு வேண்டாம். உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா மாமா மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

"நீ போயிட்டா நான் யார் மூஞ்சில முழிக்கிறது? என்னங்க, நீங்களாவது சொல்லுங்களேன்."

நகல் என் கையில் இருந்தது. அவன் பிழைக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் கட்டைவிரல் அந்த நீலக்கோட்டை விடமாட்டேன் என்பதுபோல அழுத்தி மறைத்திருந்தது. மருத்துவர் அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னொரு வழி இருக்கு," என்று மைத்துனனிடம் சொன்னார். "சிரை அக்காகிட்டயே இருக்கட்டும். எடுத்துப் போடப்போற உங்க ஈரல்ல ஒரு ரத்தக்குழாய் நல்லா இருக்கு. அதை வெட்டி, புதுசுக்கு வடிகாலாத் தைக்கலாம். ஆனா அடைச்சுக்கலாம்."

"கெட்டதுலயும் உருப்படியா ஒண்ணு இருக்கே!"

"உன்னை மாதிரிதான்," என்றாள் அக்கா.

"அடைச்சா?" என்று மைத்துனன் கேட்டான்.

"உங்களுக்குத்தான் ஆபத்து."

"அப்ப அதையே தைங்க."

தைத்த குழாய் சில மாதங்களில் அடைத்துக்கொண்டது. அதற்குள் புது மடல் வளர்ந்து, ரத்தம் வேறு வழி கண்டுபிடித்திருந்தது. மைத்துனன் மாத்திரைகளோடு வேலைக்குப் போகிறான். மனைவிக்குக் குளிர்நாளில் வடு இழுக்கிறது, மற்றபடி நலம். மருத்துவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். நான் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன்.